நாலு மணித் தாகம்

வடகரைப்புதூருக்குத் தண்ணீர்க் கஷ்டம் என்று ஒருநாளும் வந்ததில்லை. தெற்கே ஆறு, வடக்கே வாய்க்கால், நடுவில் தெப்பக்குளம். கிணற்றுக்குக் கயிறே வேண்டாம், குனிந்து செம்பில் மொண்டுகொள்ளலாம். அப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு பங்குனி மாதத்து வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, தொட்டில் பிள்ளையிலிருந்து கோயில் ஓதுவார் வரைக்கும், சலூனில் பாதி மழித்த தாடையோடு உட்கார்ந்திருந்தவர், பஞ்சாயத்து ஆபீசில் தூங்கிக்கொண்டிருந்தவர், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைக்கு நின்றவள் என்று அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குடித்தார்கள். குடம் குடமாகக் குடித்தார்கள். வயிறு உப்பியதே தவிர தொண்டை நனையவில்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்கு, ஒருத்தரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தாகம் போய்விட்டது. சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்தது.

கொஞ்ச நாள் ஊர் பயந்தது. அப்புறம் காரணம் தேடியது. செல்போன் டவர்தான் என்றார்கள், ஆற்றில் மணல் அள்ளியதுதான் என்றார்கள், அம்மனுக்குக் கொடை நின்றுபோனதால்தான் என்றார்கள். டாக்டர் ஊர் முழுக்கச் சுகர் பார்த்துவிட்டுக் கடைசியில் தனக்கே பார்த்துக்கொண்டார். கொடையும் கொடுத்துப் பார்த்து, டவர் மேல் கல்லும் எறிந்து பார்த்து, ஒன்றும் ஆகாமல் போகவே, சரி, வந்தது வந்தாச்சு, இதுக்காகப் பிழைப்பை விட முடியுமா என்று பள்ளிக்கூடத்தை மூன்றரைக்கே விட்டார்கள், சாயங்கால ரிசப்ஷனை நிறுத்தினார்கள், தெருவுக்கு நாலு சர்பத் கடை போட்டார்கள், பொண்ணு பார்க்க வந்தவர்கள் ‘நாலு மணித் தாகம் தாங்குவாளா’ என்று கேட்க ஆரம்பித்தார்கள், பஸ் பாலம் ஏறியதும் தொண்டையைப் பிடித்துக்கொள்கிற வெளியூர்க்காரனைப் பார்த்துச் சிரித்து, “எங்க ஊருத் தாகம் மாதிரி எந்த ஊர்லடே உண்டு?” என்று பெருமை வேறு பேசினார்கள். மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்!

பழகாத ஒரே ஆள் தங்கப்பழம். அவருக்குத் தாகமே எடுக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயம்.

தங்கப்பழம் இருந்தது ஆற்றங்கரை ரோட்டில் பரமார்த்தலிங்கம் நடத்துகிற முதியோர் இல்லத்தில். போர்டில் என்னவோ நீளமான பேர். ஊருக்கு அது வெள்ளைப் பங்களா. தங்கப்பழம் தேங்காய் மண்டியில் காலமெல்லாம் நின்று ஏலம் கூவிய மனுஷன். பெண்டாட்டி செந்தூர்க்கனிக்கு வலது கையும் காலும் விழுந்து பேச்சும் போன பிறகு, மஸ்கட்டில் இருக்கிற மகள் ஆனந்தி அழுதுகொண்டே இரண்டு பேரையும் இங்கே சேர்த்தாள். ஆண்கள் மேலே, பெண்கள் கீழே. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் கீழே போய்க் கனியைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம். கட்டிய பெண்டாட்டியைப் பார்க்க அனுமதி வாங்கவேண்டியிருக்கிறதே என்று அவருக்கு முதலில் கோபம் வந்தது. கோபம் சீக்கிரமே பயமாக மாறிவிட்டது.

பயத்துக்குப் பேர் குணவதி. அங்கே சூப்பர்வைசர். அவள் சத்தம் போட்டு ஒருத்தரும் கேட்டதில்லை, பூப்போலத்தான் பேசுவாள். அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: சாயங்காலம் நாலு மணிக்கு மேல், மறுநாள் ஆறரைக்குக் காலைக் காப்பி வரும்வரைக்கும், யாருக்கும் தண்ணீர் கிடையாது. குடித்தால் ராத்திரி படுக்கையை நனைப்பார்கள், நனைத்தால் மாற்றவேண்டும், மாற்ற ஆள் இல்லை. எழுந்து போய்க் குழாயில் குடித்துவிடக் கூடியவர்களைப் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிலோடு கட்டிவிடுவார்கள். கேட்டால் “விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்கிறது?” என்பார்கள். சிவகாமி டீச்சர் என்று ஒரு அம்மாள், பாவம், நாலு மணி அடித்ததும் தண்ணி தண்ணி என்று ஆரம்பித்து விடியும்வரைக்கும் நிறுத்தமாட்டாள். அந்தப் பங்குனி மாதத்து வியாழக்கிழமை குணவதி சிரித்த முகத்தோடு வந்து, முகம் துடைக்கிற துண்டைச் சுருட்டி டீச்சர் வாயில் வைத்து அழுத்தினாள். அந்த நிமிஷம்தான் பங்களாவில் இருந்த அத்தனை பேரையும் விட்டுத் தாகம் எழுந்து, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ஊருக்குள் போய்விட்டது.

அதற்கப்புறம் யாரும் தண்ணீர் கேட்கவில்லை. குணவதிக்கு ரொம்பச் சந்தோஷம். “பாத்தீங்களா, எல்லாம் பழக்கந்தான்” என்றாள். சிவகாமி டீச்சரும் கேட்கவில்லை. கேட்காமலே உதடு வெடித்து, கேட்காமலே கண் உள்ளே போய், கையைக் கிள்ளினால் கிள்ளிய தோல் கிள்ளியபடியே நிற்கிற அளவுக்கு வற்றி, சித்திரை பிறக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். வயசாச்சு என்று சொல்லிவிட்டார்கள். தங்கப்பழம் கீழே போய்க் கனியின் கையை எடுத்துக் கிள்ளிப் பார்த்தார். தோல் அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆனந்தி போன் பண்ணுவாள். குணவதி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள்.

“அப்பா, நல்லா இருக்கியளா? அம்மா சாப்பிடுதாளா?”

“நல்லா இருக்கோம் மக்களே. நல்லாக் கவனிச்சுக்கிடுதாங்க.”

போனை வைத்ததும் குணவதி அவர் தோளைத் தடவிக் கொடுப்பாள். “நீங்க இப்படி நல்லபடியா இருந்தாத்தான் தாத்தா, பாட்டியும் நல்லபடியா இருப்பாங்க.” அவள் கை பட்ட இடம் அவருக்கு ராத்திரிவரைக்கும் கூசும். ஊருக்கே கேட்கிற மாதிரி ஏலம் கூவிய வாய், ஒரு பொம்பளை தோளைத் தொட்டதும் அடைத்துப் போகிறதே என்று தன்னையே நொந்துகொள்வார். ஆனால் பயம் பயந்தான். அவளுக்கு எதிராக வாயைத் திறந்தால் கஷ்டப்படப் போவது அவரில்லை, பேசவும் முடியாமல் நகரவும் முடியாமல் கீழே கிடக்கிறவள்.

இதற்கிடையில் பரமார்த்தலிங்கம் ஒரு காரியம் செய்தார், ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. பங்களா வாசலிலேயே கீற்றுக் கொட்டகை போட்டு, பெரிய பெரிய மண்பானைகளில் வெட்டிவேர் போட்ட தண்ணீரும் நீர்மோரும் வைத்து, தினமும் நாலு மணிக்குத் தண்ணீர்ப் பந்தல் திறந்தார். தாகம் அடங்காது என்று தெரிந்தும் ஊர் வந்து குடித்தது; குடிக்காமல் நிற்பதைவிடக் குடித்துக்கொண்டே நிற்பது தேவலை அல்லவா? தண்ணீர் ஊற்றிக் கொடுக்க, பங்களாவில் நடமாடக் கூடிய பெரியவர்களுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி வரிசையாக நிறுத்தினார்கள். “இந்த வயசுலயும் சேவை செய்யுதாங்களே!” என்று ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்த வரிசையில் தங்கப்பழமும் நின்றார். ஊருக்கெல்லாம் மொண்டு மொண்டு ஊற்றினார். நாலு எட்டு எடுத்து வைத்தால் எட்டுகிற தூரத்தில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம், அவர் பெண்டாட்டி காய்ந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் அவர் தோளில் கிடந்த துண்டு தவறிப் பானைக்குள் விழுந்தது. எடுத்துப் பிழியப் போனவர் பிழியவில்லை. சொட்டச் சொட்டக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். விளக்கு வைத்ததும் உள்ளே போய், கனியின் தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றியைத் துடைக்கிற சாக்கில் துண்டின் முனையை அவள் உதட்டுக்குள் வைத்துப் பிழிந்தார். கனி விழுங்கினாள். மற்றக் கட்டில்களில் கிடந்தவர்கள் பார்த்தார்கள். ஒருத்தரும் எனக்கும் கொஞ்சம் என்று கேட்கவில்லை. தாகம் இருந்தால்தானே கேட்பார்கள்.

கனி இரண்டாவது வாய் விழுங்கும்போது தங்கப்பழம் ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்தார். அங்கே நின்ற கூட்டம் ஒரே சமயத்தில் டம்ளரைக் கீழே இறக்கியது.

மறுநாள் மீன்காரி பேச்சித்தாய் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையை ஏந்தினாள். வாய்த்துடுக்குக்காரி, மனசு சுத்தம். “ஊத்துங்க அண்ணாச்சி. நேத்து விளக்கு வைக்கிற நேரத்துல ஒரு வாய் நெசமாவே உள்ள இறங்குச்சு தெரியுமா? எத்தனை நாளாச்சு, எனக்கு அழுகையே வந்துட்டு. அது எந்தப் பானைத் தண்ணின்னு சொல்லுங்க, அதுலயே ஊத்துங்க.”

தங்கப்பழம் கனியின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். விஷயம் பிடிபட்டுவிட்டது. அன்றைக்கும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் துண்டை நனைத்துக்கொண்டு போனார். கனி விழுங்கும்போதெல்லாம் பந்தலில் டம்ளர்கள் இறங்கின. எந்தப் பானை என்று ஜனங்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். இது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும், ஆனால் யாரிடம் சொல்வது? பந்தல் போட்டவரிடமா? அவர் கழுத்தில் போட மாலையோடு வருகிறவர்களிடமா?

ஒருநாள் காலையில் கனியின் படுக்கை நனைந்திருந்தது. குணவதி வந்து பார்த்தாள். விரித்திருந்த துணியைப் பார்த்தாள், தலையணையில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள், மெதுவாகத் திரும்பி, மாடிப்படியில் நின்ற தங்கப்பழத்தின் துண்டைப் பார்த்தாள். மத்தியானம் அவர் சாப்பிட இறங்கி வந்தபோது கனியின் கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது.

“பாட்டிக்கு உடம்பு சரியில்லை தாத்தா. பின்னால ரூம்ல தனியா வச்சிருக்கோம். நீங்க பாக்கக் கூடாது, உங்களுக்கும் ஒட்டிக்கும்.”

“எம்மா, ஒரே ஒரு தடவை...”

“சொன்னா கேக்கணும் தாத்தா.” தோளைத் தடவினாள். “இல்லேன்னா நானே அடிக்கடி போய் அவங்களைக் கவனிக்கிற மாதிரி ஆகிடும்.”

அன்றையிலிருந்து ஊரில் தாகம் காலையிலும் அடங்கவில்லை. பகலெல்லாம் நின்றது. பிள்ளைகள் வீறிட்டு அழுதன, மாடுகள் வாய்க்காலை விட்டு ஏறவில்லை, சர்பத் கடைக்காரர்களே கடையைப் பூட்டிவிட்டுப் பந்தலுக்கு ஓடி வந்தார்கள். கனிக்குக் காலைக் காப்பியும் நின்றுவிட்டது என்று இதிலிருந்து தங்கப்பழத்துக்குத் தெரிந்துபோயிற்று. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாளா போய்விட்டாளா என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே வழி, ஊர் ஜனங்கள் தொண்டையைப் பிடித்துக்கொள்வதைப் பார்ப்பதுதான். அவர்கள் தவித்தால் அவருக்கு ஆறுதல். ஒரு நிமிஷம் யாராவது தவிக்காமல் நின்றால் அவருக்குக் குலை நடுங்கியது. பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாளா என்று ஊர்த் தொண்டையில் பார்த்துக்கொண்டு நிற்கிற கொடுமை யாருக்கும் வரக் கூடாது.

தாகம் இந்த மாதிரி முற்றியதும் பரமார்த்தலிங்கத்துக்கு மதிப்பும் ஏறியது. அவரைப் பாராட்டிப் பந்தலிலேயே ஒருநாள் நாலு மணிக்கு விழா ஏற்பாடு செய்தார்கள். முதியோர் நலம் பார்க்கிற அதிகாரி ஒரு அம்மாள் வெளியூரிலிருந்து வந்தார். அவருக்கு முன்வாசல் ஹாலைக் காட்டினார்கள், சந்தனம் கொடுத்தார்கள், பூப்போட்ட விரிப்பில் உட்கார்ந்திருந்த நாலு பேரைக் காட்டினார்கள். அப்புறம் பந்தலுக்குக் கூட்டி வந்தார்கள். வருகிறவருக்கு முதல் டம்ளர் தண்ணீர் தங்கப்பழம் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடு. வெள்ளைச் சட்டைக்குப் பட்டன் மாட்டிவிடும்போது குணவதி காதில் சொன்னாள்: “சிரிச்ச முகமா இருக்கணும் தாத்தா. பாட்டி கேட்டாங்கன்னு வச்சுக்கோங்க.”

கனி எப்படிக் கேட்பாள்? பேச்சு போனவள்!

அதிகாரி அம்மாள் டம்ளரை வாங்கிக் குடித்தார். முகம் சுருங்கியது. இன்னொரு டம்ளர் கேட்டார், அதையும் குடித்தார், தொண்டையைத் தடவிக்கொண்டார். “என்ன இது, குடிக்கக் குடிக்க வறளுது?” என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். “அது எங்க ஊருத் தாகம்மா. இருக்க இருக்கப் பழகிரும்!” என்றான் ஒருத்தன்.

மூன்றாவது டம்ளரை நீட்டுவதற்காக மொண்ட தங்கப்பழம் அதை நீட்டவில்லை. டம்ளரை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பந்தலை விட்டு இறங்கி, பங்களா கேட்டைப் பார்த்து நடந்தார். குணவதி சிரித்தபடியே வந்து குறுக்கே நின்றாள்.

“எங்க தாத்தா போறீங்க?”

“என் வீட்டுக்காரிக்குத் தண்ணி கொண்டு போறேன்” என்றார். தொண்டையிலிருந்து பாதிதான் வந்தது. மூச்சை இழுத்து இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை பந்தல் முழுக்கக் கேட்டது.

பரமார்த்தலிங்கம் மாலையோடு எழுந்து, “பாவம், அவருக்குப் புத்தி கொஞ்சம்...” என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். “ஆமா ஆமா, வயசாயிட்டுல்லா” என்று ஜனங்களும் தலையாட்டினார்கள். விசேஷத்துல எதுக்குக் கலாட்டா, கூட்டிட்டுப் போயி உக்கார வைங்க என்று இரண்டு பேர் அவர் கையைப் பிடிக்க வந்தார்கள். கெட்டவர்கள் இல்லை அவர்கள். தாகத்துக்கே பழகியவர்கள் இதற்குப் பழகமாட்டார்களா?

தங்கப்பழம் திரும்பி அதிகாரியைப் பார்த்தார். அழுகை வந்துவிட்டது. “எம்மா, நீங்க குடிச்ச தண்ணி உங்களுக்கு இறங்கலைல்லா? எப்படி இறங்கும்? அது உங்க தாகம் இல்லம்மா. உள்ள ரூம்ல பூட்டி வச்சிருக்காங்களே, என் பெஞ்சாதி, அவ தாகம். இந்த ஊருல இருக்கது பூரா உள்ள கெடக்கவங்க தாகம். நான் சொல்லுதத நம்பவேண்டாம். அவ வாயில ஒரு சொட்டு ஊத்துதேன், உங்க தொண்டையக் கேளுங்க.”

பேச்சித்தாய்தான் முதலில் அசைந்தாள். “விளக்கு வைக்கிற நேரம்...” என்றாள் தனக்குத்தானே. கூடையைப் பரமார்த்தலிங்கத்தின் நாற்காலியில் வைத்தாள். “அடப்பாவிகளா!” என்று அவள் போட்ட சத்தத்தில் குணவதியின் சிரிப்பு போயிற்று. அதிகாரி அம்மாள் தொண்டையில் வைத்த கையை எடுக்காமலே எழுந்து வந்து, “கதவைத் திறங்க” என்றார்.

பின்னால் இருந்த அறையில் ஜன்னல் இல்லை. மூத்திர நாற்றம் அடித்தது. கனி கட்டிலில் இருந்தாள். நல்ல கையைச் சேலைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். கண் திறந்திருந்தது. தங்கப்பழம் “ஏட்டி கனி” என்றார், துண்டை டம்ளரில் நனைத்தார், பிழிந்ததில் பாதி அவள் கழுத்தில் வடிந்தது. ஒரு சொட்டு நாக்கில் விழுந்தது. இன்னொன்று. அவள் தொண்டை ஏறி இறங்கியது.

வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் ‘ஹா’ என்று மூச்சு விட்டது. அறைக்குள்வரைக்கும் அது கேட்டது.

அதற்கப்புறம் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பானைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள். கட்டில் கட்டிலாகப் போய்க் கட்டை அவிழ்த்தார்கள், தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினார்கள். ஒவ்வொருத்தர் குடிக்கக் குடிக்க ஊரின் தாகம் ஒரு படி இறங்கியது, குடித்தவர்களுக்கு அவரவர் தாகம் திரும்பி வந்தது. எத்தனையோ நாளாகச் சத்தமே இல்லாத பங்களாவில் தண்ணி, தண்ணி என்று அத்தனை பேரும் ஓலமிட்டார்கள். இது இத்தனை நாளும் நம்ம தொண்டையிலல்லவா இருந்தது என்று சிலர் அழுதார்கள். கனியும் ஒரு வார்த்தை சொன்னாள். “இன்னும்” என்றாள். பேச்சு போனதிலிருந்து அவள் சொன்ன முதல் வார்த்தை. தங்கப்பழம் அவள் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். அவளைக் கட்டிலோடு தூக்கி வந்து பழைய இடத்திலேயே, ஜன்னலோரத்தில் போட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஊருக்கு எல்லாம் இறங்கிவிட்டது, தொண்டை ஓரத்தில் லேசாக ஒரு உறுத்தல் மட்டும் மிச்சம். “இன்னும் யாரு பாக்கி?” என்று தேடினார்கள். பேச்சித்தாய் ஒரு டம்ளரோடு வந்தாள். “நீங்கதான் அண்ணாச்சி. நீங்க குடிக்கவே இல்ல. குடிங்க, முடிஞ்சுது.”

தங்கப்பழம் டம்ளரை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். “அப்பாடா, விட்டுச்சு சனியன்” என்றது ஒரு குரல். இனிமே ரிசப்ஷன் வைக்கலாம் என்று இன்னொருத்தர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போனார். அதிகாரி அம்மாள் குணவதியை ஜீப்பில் ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். பரமார்த்தலிங்கம் மாலையைக் கழற்றாமலே, எல்லாம் வேலையாட்கள் செய்த தப்பு, எனக்கு ஒன்றுமே தெரியாது, நாளைக்கே நல்ல ஆளாகப் போடுகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், நாலு பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

தங்கப்பழத்துக்கு முன்னைவிடப் பயம் வந்தது. குணவதி போனால் அந்த நாற்காலியில் இன்னொருத்தி வந்து உட்காருவாள். கதவு திரும்பவும் சாத்தும். நாளைக்குச் சாயங்காலம் உள்ளே யாரை எங்கே கட்டிப் போட்டாலும் வெளியே ஒரு தொண்டையும் வறளாது. ஊர் சர்பத் குடித்துக்கொண்டு சுகமாக இருக்கும்.

டம்ளரைப் பேச்சித்தாய் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“எனக்கு வேண்டாம்மா.”

“என்ன அண்ணாச்சி இது, உதடு வெடிச்சுருக்கு!”

“நாலு மணிக்கு முன்னால குடிச்சுக்கிடுதேன். அதுக்கு மேல விடியுறவரைக்கும் வேண்டாம். என் தாகம் உங்ககிட்டயே இருக்கட்டும். தினமும் நாலு மணிக்குத் தொண்டையில அரிக்கும்லா, அப்ப யாராவது ஒரு ஆளு எந்திரிச்சு வந்து, உள்ள எல்லாருக்கும் தண்ணி குடுத்தாச்சான்னு கட்டில் கட்டிலாப் பாத்துட்டுப் போங்க.”

பேச்சித்தாய் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த உறுத்தல் அங்கேதான் இருந்தது.

“காஞ்சு போவியளே அண்ணாச்சி. உங்களுக்குப் பயமா இல்லையா?”

“பயந்தான்” என்றார் தங்கப்பழம். “குடிச்சுட்டா இன்னும் பயமா இருக்கும்.”

அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. டம்ளர்த் தண்ணீரைக் கனிக்கு ஊற்றினாள்.